முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

1

நான் சோகார் வந்து சேர்ந்த தேதியை நான் மறந்தாலும் எஸ்தர் மறக்க மாட்டாள். வருடா வருடம் அந்தத் தேதியில் சாயங்காலம், கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் நடக்கும். முன்னறைக் கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஜமுக்காளம் விரிப்பாள். சபையிலிருந்து முப்பது பேராவது வருவார்கள். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், போதகரின் சின்னப் பிரசங்கம், அப்புறம் ஆளுக்கொரு சாட்சி. முடிவில் ரவா கேசரி, மிக்சர், காப்பி. இவ்வளவும் எதற்காக என்றால், அவளுடைய கணவனை ஆண்டவர் ஓமன் நாட்டுக்கு அனுப்பிவைத்ததற்காக. அந்தக் கணவன் நான்தான்.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் சபைப் பழக்கம் தெரியாதவர்களும் இருப்பீர்கள். ஸ்தோத்திரம் என்றால் ஆண்டவருக்கு நன்றி சொல்வது. சாட்சி என்றால் கோர்ட்டுச் சாட்சி அல்ல. கூட்டத்தில் எழுந்து நின்று, இன்ன நன்மை எனக்கு நடந்தது, அதற்காக ஸ்தோத்திரம் என்று நாலு பேர் முன்னால் சொல்வது. சொன்னவர் உட்காரும்போது எல்லோரும் சேர்ந்து ஆமென் போடுவார்கள். காய்ச்சல் விட்டால் ஸ்தோத்திரம். மகன் பாஸானால் ஸ்தோத்திரம். ஈரோடு ஜங்ஷனில் தொலைத்த குடை திரும்பக் கிடைத்ததற்கு ஒருவர் கால் மணி நேரம் சாட்சி சொன்னதை நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். குடை கறுப்புத் துணியா, பூப்போட்டதா என்பதுவரை சொன்னார்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழக்கத்தில்தான் வளர்ந்தேன், அது இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. ஆனால் நன்றி சொல்லிச் சொல்லியே ஒரு மனிதனை ஓரிடத்தில் பூட்டிவைக்க முடியும் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை அந்தத் தேதி மறுபடி வந்து போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

சோகார் ஓமனில் ஒரு கடலோர ஊர். கடலிலிருந்து உள்ளே வர வர வரிசையாகத் தோட்டங்கள். பேரீச்சை, எலுமிச்சை, மாட்டுத் தீவனப் புல். ஒவ்வொரு தோட்டத்திலும் கிணறு, ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு பம்பு. அந்தப் பம்புகளைக் கழற்றி மாட்டுவது என் வேலை. சில பம்புகளின் தகட்டில் ‘கோயமுத்தூர்’ என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் கையில் ஸ்பேனர் ஓடாது. அதுவும் என்னைப் போலத்தான், அங்கே பிறந்து இங்கே கிடந்து இறைக்கிறது.

நாலு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். எனக்கு ஜன்னலோரக் கட்டில். காலையில் கண் விழித்ததும், கால் தரையில் படுவதற்கு முன் ஐந்து காரியங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும் என்று எஸ்தர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். அவள் அங்கே அப்படித்தான் எழுகிறாள். நானும் முயற்சி செய்துதான் பார்க்கிறேன். ஏசி ஓடுகிறது, ஸ்தோத்திரம். பக்கத்துக் கட்டில்காரன் குறட்டையை நிறுத்திவிட்டான், ஸ்தோத்திரம். இன்றைக்குச் சமையல் முறை என்னுடையது இல்லை, அதற்கும் ஸ்தோத்திரம். மூன்றுக்கு மேல் வண்டி நகராது. நாலாவதைத் தேடிக்கொண்டே படுத்திருந்து, கம்பெனி வண்டியைத் தவறவிட்ட நாட்களும் உண்டு.

இந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் ‘அல்ஹம்துலில்லா’ என்பார்கள். புகழெல்லாம் இறைவனுக்கே என்று அர்த்தம். கல்யாண வீட்டிலும் அதே பதில், ஆஸ்பத்திரி வாசலிலும் அதே பதில். கேட்டுக் கேட்டு என் நாக்கும் அதற்குப் பழகிவிட்டது.

சாலிம் என்று எனக்கொரு வாடிக்கைக்காரர். தோட்டக்காரர், என் வயதுதான் இருக்கும். அவரும் நானும் இந்தியில் பேசிக்கொள்வோம். கோயமுத்தூரில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல் காலம் தள்ளிய இந்தியை, ஓமனுக்கு வந்து ஓர் அரபிக்காரரிடம் கற்றுக்கொண்டவன் நான். சாலிமின் கிணறு கடலுக்குப் பக்கம். பம்பு மாட்டி முதல் தண்ணீர் வந்ததும், அதை உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை. நான் வந்த புதிதில் அவருடைய கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. வருடம் போகப் போகக் கடல் அடியிலேயே ஊர்ந்து வந்து, ஒவ்வொரு கிணறாக உப்பேறிக்கொண்டிருக்கிறது. இழுக்க இழுக்க உப்பு இன்னும் வேகமாக வரும். அது தெரிந்தும் இழுக்காமல் இருக்க முடியாது, மரம் செத்துவிடும்.

3

எஸ்தரின் நன்றியை வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அதற்குக் காரணம் இருந்தது.

நான் லேத்து வேலை பார்த்த மோட்டார் பம்பு கம்பெனி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திடீரென்று கதவை அடைத்துவிட்டது. இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வருவோம். ஜெபா அப்போது கைக்குழந்தை. எஸ்தர் அக்கம்பக்கத்து ஜாக்கெட்டுகளைத் தைத்துக் கொடுத்து அடுப்பு எரித்தாள். மதுக்கரை சிமென்ட் தொழிற்சாலைப் பக்கம், கணபதிப் பட்டறைகள், எங்கே கேட்டாலும் ஆள் வேண்டாம் என்றார்கள். அந்த நேரத்தில்தான் சபையில் ஒருவர் மூலமாக இந்த விசா வந்தது. விசா காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எஸ்தர் முழங்கால் போட்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த முதல் ஸ்தோத்திரத்தில் ஒரு துளிப் பொய் கிடையாது.

ஆனால் அன்றைக்குச் சொன்ன நன்றியை நான் வருடா வருடம் அதே கொதியோடு சொல்ல வேண்டியிருந்தது. அதில்தான் சிக்கிக்கொண்டேன். வெயில் தாங்கவில்லை என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் போதும். ‘எத்தனை பேருங்க இந்த வேலைக்குக் காத்துக் கெடக்கறாங்க, முறுமுறுக்காதீங்க’ என்பாள். என் பாஸ்போர்ட்டு கம்பெனிப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்றால், ‘பத்திரமா இருக்குதல்லங்க, அதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க’ என்பாள். கோபம் வரும். ஆனால் எதை வைத்துச் சண்டை போடுவது? நன்றியாக இருக்கச் சொல்கிற மனைவியோடு சண்டை போட்டவன் என்று எந்தச் சபையில் போய்ச் சொல்ல முடியும்?

ஒரு தடவை மட்டும் போனில் துணிந்து, வேலையை விட்டுவிட்டு வந்தால் என்ன என்று ஆரம்பித்தேன். அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்:

“அழுது கேட்டு வாங்குனதுங்க. குடுத்ததை வேண்டாமுன்னு திருப்பிக் குடுத்துபோட்டா, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவருகிட்ட இன்னொண்ணு கேக்கறதுங்க?”

அந்தப் பேச்சை அதற்கப்புறம் நான் எடுக்கவே இல்லை.

4

போன வருடம் கூட்டம் நடக்கிற தேதியில் நான் ஊரில் இருக்க வேண்டும் என்று எஸ்தர் ஒற்றைக் காலில் நின்றாள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். போகும்போதே மனதில் முடிவு செய்துவிட்டேன், திரும்ப வரப்போவதில்லை என்று.

முடிவுக்குக் காரணம் ரங்கசாமி நாயுடு. பழைய கம்பெனியில் என் பக்கத்து லேத்தில் நின்றவர். இப்போது கணபதியிலேயே சொந்தப் பட்டறை. போய் இறங்கிய மறுநாளே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெலுங்கில் வீட்டம்மாவிடம் காப்பி சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில் விஷயத்துக்கு வந்தார்.

“ஏனுங்க தேவராசு, ரெண்டாவது லேத்து சும்மாதான் நிக்குது. வாற பசங்க ஒருத்தனும் நெலைக்கறதில்லீங்க. நீங்க வந்து நின்னீங்கன்னா நான் ஆர்டர் புடிக்கப் போயிருவேன். வாறதைப் பாதிப் பாதியாப் பாத்துக்கலாமுங்க.”

“வந்தர்றனுங்கண்ணா” என்றேன்.

“அட, அவசரப்படாதீங்க. ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவன் வீட்டில் ஆள் ஒழியுமா? காலையில் ஒரு ஜெபம், மத்தியானம் ஒரு விருந்து, சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள். வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி, ஆண்டவர் உங்களை எவ்வளவு உயர்த்தியிருக்கிறார் என்று என் சோபாவையும் ஃபிரிஜ்ஜையும் பார்த்துச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். தலை ஆட்டியே கழுத்து வலித்தது.

ஜெபாவுக்கு அப்போது எட்டு வயது. நான் வெளியே போய்விட்டு வந்தால் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, “குடிங்கப்பா” என்று நீட்டுவாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். கடைக்குப் போகலாமா கண்ணு என்று கேட்டால், “உங்களுக்கு வேலை இருந்தா பரவால்லீங்கப்பா” என்பாள். எவ்வளவு மரியாதை என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஒருநாள் பின்கட்டில் அவள் ரிப்பனுக்காக அம்மாவோடு மல்லுக்கு நிற்கிற சத்தம் கேட்டது. காலை உதைத்துக்கொண்டு அழுகிறாள், எஸ்தர் திட்டுகிறாள், இவள் பதிலுக்குக் கத்துகிறாள். நான் முன்னறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விருந்தாளியிடம் யாரும் ரிப்பனுக்குச் சண்டை போடுவதில்லை. எனக்கு அன்றைக்கு ரொம்ப வயிற்றெரிச்சலாக இருந்தது.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று எஸ்தர் முன்பே சொல்லியிருந்தாள். சரி, சாட்சியிலேயே சொல்லிவிடுவது. இத்தனை வருடம் காத்து வழிநடத்தி, மறுபடி ஊரிலேயே ஒரு வேலைக்கு வழி திறந்ததற்காக ஸ்தோத்திரம் என்று முடித்துவிட்டால், எல்லோரும் ஆமென் போட்டுவிடுவார்கள். ஆமென் போட்டதை எஸ்தர் மறுக்க மாட்டாள். நல்ல திட்டம்தான். ஆனால் அதே வழியில் அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

கூட்டத்தன்று போதகர் உள்ளே வந்து, “சுகமா இருக்கீங்களா தம்பி?” என்று கையைப் பிடித்தார். நான் யோசிக்காமல், “அல்ஹம்துலில்லா” என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ ஓர் அம்மா, “அந்தூர்ல ஸ்தோத்திரத்தை அப்படித்தான் சொல்லுவாங்களாட்ட இருக்குதுங்க” என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். போதகரும் சிரித்தார்.

சாட்சி நேரம் வந்தது. எனக்கு முன்னால் எஸ்தர் எழுந்தாள்.

எங்கள் சபையில் இன்னொரு வழக்கம் உண்டு. கிடைத்த பிறகு நன்றி சொல்வது எல்லோரும் செய்வது. கிடைப்பதற்கு முன்னாலேயே, கிடைத்துவிட்டது என்று நம்பி நன்றி சொல்வதுதான் பெரிய விசுவாசம் என்பார்கள். எஸ்தர் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

“இந்த வருசத்துக்குள்ள எனக்கும் ஜெபாவுக்கும் ஃபேமிலி விசா குடுத்து, நாங்க மூணு பேரும் ஒரே ஊட்ல இருக்கறதுக்காக, கெடைச்சதுன்னே நம்பி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் பண்றேனுங்க.”

ஆமென் என்று கூரை அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எஸ்தரின் கன்னத்தைத் தடவினார். ஜெபா என்னைப் பார்த்தாள். அந்த ஒரு தடவைதான் அவள் விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. சந்தோஷத்தில் வாய் திறந்திருந்தது.

அடுத்து நான். எழுந்து நின்றேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். எந்த ஊர் வீடு என்பதில்தான் வித்தியாசம். அதை அந்த ஆமெனுக்குப் பிறகு எப்படிச் சொல்வது? “எல்லாத்துக்கும் ஸ்தோத்திரமுங்க” என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன். விடுப்பு முடிந்ததும் விமானம் ஏறினேன்.

5

ஃபேமிலி விசா எனக்குக் கிடைக்காது. கிடைக்கவே கிடைக்காது. கம்பெனியில் அரசாங்க அலுவலகங்களுக்கு அலைகிற ஆளை இங்கே மந்தூப் என்பார்கள். எங்கள் மந்தூப் என் லேபர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு விசா எடுத்த சமயத்தில் கம்பெனியிடம் மெக்கானிக் விசா கையிருப்பில் இல்லை. இருந்த ஏதோ ஒன்றில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஆக, காகிதத்தில் நான் விவசாயக் கூலி. வாழ்க்கையில் மண்வெட்டி பிடித்ததில்லை. கூலிக்குக் குடும்பத்தைக் கொண்டுவர அனுமதி இல்லை. தொழிலை மாற்றி எழுதலாமே என்றேன். அதற்குப் பழைய விசாவை ரத்துசெய்து, நாட்டைவிட்டு வெளியே போய், புது விசாவில் வர வேண்டும், கம்பெனி அதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்றார். நான் சரியாகத்தான் இருக்கிறேன், என் காகிதம்தான் தப்பு என்றேன். இங்கே காகிதம்தான் நீ என்றார்.

இதை எஸ்தரிடம் மறைக்கவில்லை. அடுத்த போனிலேயே சொன்னேன்.

“நீங்க அவிசுவாசமாப் பேசாதீங்க” என்றாள். “நானு ஸ்தோத்திரம் பண்ணிபோட்டேன்.”

அவள் வாயால் நன்றி சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவள் அல்ல. விசா கிடைத்துவிட்டது என்று நம்பினால், கிடைத்தவள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்ய வேண்டும் அல்லவா? இங்கே இருக்கும் இந்தியப் பள்ளிக்கூடத்தில் மத்திய அரசுப் பாடத்திட்டம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜெபாவைப் பழைய பள்ளியிலிருந்து எடுத்து, ஊருக்கு அந்தக் கோடியில் இருந்த அப்படியொரு பள்ளியில் சேர்த்துவிட்டாள். அங்கே தமிழ் இல்லை, இந்தி. கூடப் படித்த பிள்ளைகள் ஒருத்தரும் இல்லை. போனில் என்ன கண்ணு படிக்கிறாய் என்றால், “மேரா நாம் ஜெபா ஹைங்க” என்பாள். இந்திக்கும் ‘ங்க’ போட்ட ஒரே பிள்ளை என் மகளாகத்தான் இருப்பாள். முதலில் சிரித்தேன். அப்புறம் அவள் எனக்குப் போட்ட பொங்கல் வாழ்த்தட்டை வந்தது. வழக்கமாகத் தமிழில் நாலு வரி எழுதுகிறவள், இங்கிலீஷில் டியர் டாடி என்று எழுதியிருந்தாள். தமிழ் எழுதினால் கை தப்பாகப் போகிறதாம், இந்திக் கொம்பு வந்துவிடுகிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம் எஸ்தரை, “எப்பங்க கெளம்பறீங்க?” என்று கேட்டார்கள். கேட்டவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். மாதம் ஆக ஆக அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கவாசல் வழியாகவே வெளியே வந்துவிடுகிறோம் என்று ஜெபாதான் பேச்சுவாக்கில் சொன்னாள்.

விசாவை ரத்துசெய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போவதை இங்கே ‘கேன்சலில் போறது’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் அறையில் நல்ல பேர் இல்லை. தோற்றவன் போவது, துரத்தப்பட்டவன் போவது என்று அர்த்தம். ரங்கசாமி நாயுடு ஊரிலிருந்து வருகிறவர்களிடம் லேத்து இன்னும் சும்மாதான் நிற்கிறது என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். நானும் காலையில் கண்ணைத் திறந்து ஐந்தில் நாலாவதைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

6

போன வியாழக்கிழமை சாலிம் கூப்பிட்டார். பம்பைக் கழற்றித் தூக்க வேண்டும், கிணற்றை மூடப் போகிறேன் என்றார்.

கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் விட்டேன். கடலேதான். எலுமிச்சை மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் நின்றன. எப்போதும் கேட்கிற பழக்கத்தில், “எப்படி இருக்கிறீர்கள் சாலிம்?” என்று கேட்டுவிட்டேன்.

“அல்ஹம்துலில்லா” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, “கிணறு போய்விட்டது, தோட்டம் போய்விட்டது, இதற்குமா நன்றி?” என்று கத்திவிட்டேன். வாடிக்கைக்காரரிடம் அப்படிப் பேசக்கூடாது.

அவருக்கும் கோபம் வந்தது. “நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கிணறு எப்படி இருக்கிறது என்று கேள், அதற்கு வேறு பதில் வைத்திருக்கிறேன்” என்றார். கேட்டேன். கிணற்றை அவர் திட்டிய திட்டை இங்கே அச்சில் போட முடியாது.

“வீட்டில் தெரியுமா?” என்று கேட்டேன்.

என்னை விநோதமாகப் பார்த்தார். “முதல் நாள் உப்பு தட்டியபோதே என் மனைவியைக் கூப்பிட்டு, நீயும் குடித்துப் பார் என்று கொடுத்தேன். இதை எல்லாம் ஒருத்தன் தனியாகவா வைத்துக்கொண்டிருப்பான்?” என்றார். பிறகு பழைய பம்பைக் கம்பெனி என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். பேரத்தில் அவரை யாராலும் அசைக்க முடியாது.

பம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வழியெல்லாம் எனக்கு எஸ்தர் ஞாபகம்தான். நன்றாக இருக்கிறேன் என்பதும் கிணறு போய்விட்டது என்பதும் ஒரே வாயில் வரலாம் என்பது எனக்கு ஏன் இத்தனை வருடம் தோன்றவில்லை? கிடைத்த வேலைக்கு நான் உண்மையாகவே நன்றியுள்ளவன்தான். அந்த வேலை எனக்கு முடிந்துபோய்விட்டது என்பதும் உண்மைதான். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய்யாகிவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

7

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருப் போன் கூண்டுக்குப் போனேன். வெயிலில் காய்ந்த கண்ணாடிக் கூண்டு. கதவைச் சாத்தினால் வேகும், திறந்துவைத்தால் வெளியே நிற்கிற அத்தனை பேருக்கும் நம் குடும்பக் கதை கேட்கும். சாத்திக்கொண்டேன். பின்னால் ஊருக்குப் பேச வரிசையில் நிற்கிறவர்கள் சாவியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

போன விடுப்பில் நான் வாங்கிக்கொண்டு போன போனில் ஸ்பீக்கர் உண்டு. எஸ்தர் அதை ஜமுக்காளத்தின் நடுவில் வைத்திருப்பாள். பாட்டு முடிகிற சத்தம் கேட்டது. “பிரதர் தேவராஜ் லைன்ல வந்துட்டாரு” என்று போதகர் சொன்னார். முதலில் சிறு பிள்ளைகள் சாட்சி சொல்லட்டும் என்றார். யாரோ ஒரு பையன் சைக்கிளுக்கு ஸ்தோத்திரம் சொன்னான். அப்புறம் ஜெபாவின் குரல்.

“இன்னிக்கு எங்கப்பா போன் பண்ணுனதுக்காக ஸ்தோத்திரமுங்க.”

ஆமென் என்றார்கள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். போன வருடம் மூன்று பேரும் ஒரே வீட்டில் என்றதும் வாய் திறந்து என்னைப் பார்த்த பிள்ளை, இந்த வருடம் ஒரு போனுக்கு நன்றி சொல்லப் பழகிவிட்டது. என் மகளுக்கு நாங்கள் நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை, ஆசைப்படாமல் இருக்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது. கூண்டுக்குள் நின்று அழுதேன். வெளியே தட்டுகிறவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள்.

அடுத்தது எஸ்தர். போன வருடம் சொன்னதைப் பற்றி அவள் என்ன சொல்லப் போகிறாள் என்றுதான் எல்லோரும் காத்திருந்திருப்பார்கள். “இதுவரைக்கும் நடத்துனதுக்காக ஸ்தோத்திரமுங்க” என்றாள். அவ்வளவுதான். குரல் ரொம்பக் களைத்திருந்தது. ஆமென் மெல்லியதாக வந்தது.

“பிரதர், நீங்க சொல்லுங்க” என்றார் போதகர்.

எழுதிவைத்துப் பேசவில்லை. வந்தபடி சொன்னேன்.

“ஐயா, அன்னிக்கு இந்த வேலை கெடைக்காட்டி எங்க ஊட்ல அடுப்பு எரிஞ்சிருக்காதுங்க. அதுக்கு ஸ்தோத்திரமுங்க. எங்க ஊட்டுக்காரி தனியா நின்னு புள்ளைய வளத்துனா, அதுக்கு ஸ்தோத்திரமுங்க. இதெல்லாம் மனசாரச் சொல்றேனுங்க. ஆனா ஃபேமிலி விசா கெடைக்கலீங்க. இனி கெடைக்காதுங்க. எஸ்தர், கேட்டுக்கோ. ஆண்டவர் குடுத்ததை நான் வேண்டாமுன்னு திருப்பிக் குடுக்கலை. அந்த வேலை முடிஞ்சு போச்சு. ரங்கசாமி அண்ணன் பட்டறைல எனக்கொரு லேத்து இருக்குது. நான் கேன்சல்ல ஊருக்கு வாரேன்.”

வழக்கமாகச் சாட்சி சொன்னவன் வாயை மூடுவதற்குள் ஆமென் வந்துவிடும். வரவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. போதகர் தொண்டையைச் செருமினார். விசா வாங்கிப் போனதற்கு ஆமென் போட்டவர்களுக்கு, அதைவிட்டு வருவதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் நான் எல்லோர் முன்னாலும் கரியைப் பூசிவிட்டேன் என்று எனக்குப் பட்டது. போன் துண்டித்துப் போனால்கூட நல்லது என்று நினைத்தேன்.

யாரோ எழுந்திருக்கிற மாதிரி வளையல் சத்தம் கேட்டது. பிறகு எஸ்தரின் குரல். என்னிடம் பேசவில்லை, கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

“ஏனுங்க, எல்லாரும் எதுக்கு இப்படிச் சும்மா உக்காந்திருக்கறீங்க? எங்க ஊட்டுக்காரரு ஊட்டுக்கு வாராருங்க. ஆமென் சொல்லுங்க.”

சொன்னார்கள்.